பற்று நோட்டும் பதினோரு மாதமும்

(‘வளரும் ஊர்களில் சிறு தொழில் பெரிதும் நிலைப்பது கனிவாலா? கணக்காலா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘கணக்காலே’ என்ற அணியில் பேசியது. இடம்: கூடுவாஞ்சேரி)

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! கனிவு, கனிவு என்று பேசி இந்த அரங்கத்தையே பழக்கடை ஆக்கிவிட்டுப் போயிருக்கும் எதிரணி நண்பர்களே! எனக்கு முன்னால் பேசி அடித்தளம் போட்ட என் அணித் தலைவர் அவர்களே! வியாபார நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வணிகப் பெருமக்களே! அவர்களைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கூடவே வந்திருக்கும் தாய்மார்களே!

எதிரணி அம்மையார் பேச வந்தவுடனே சொன்னார்: “கணக்கு அணிக்காரங்க வந்து ஜி.எஸ்.டி., ஜி.எஸ்.டி.ன்னு சொல்லி உங்களைப் பயமுறுத்துவாங்க, பாருங்க” என்று. அம்மா, கூடுவாஞ்சேரிக்காரங்களை ஜி.எஸ்.டி.யைக் காட்டிப் பயமுறுத்த முடியுமா? நாட்டுக்கெல்லாம் அது 2017 ஜூலை முதல் தேதி வந்தது. இவங்களுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வாசலிலேயே ஓடிக்கிட்டிருக்கு! (சிரிப்பு) சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த ஜி.எஸ்.டி. ரோட்டைக் குறுக்கே தாண்டுகிறவருக்கு இந்த ஜி.எஸ்.டி. ஒரு பெரிய காரியமா? (பலத்த கைதட்டல்)

எதிரணித் தலைவர் அழகாக ஒரு படம் வரைந்து காட்டினார். அண்ணாச்சி கடை. அண்ணாச்சி சிரிக்கிறார். “என்ன தம்பி, அம்மாவுக்கு உடம்பு எப்படியிருக்கு?” என்று கேட்கிறார். சின்னப்பிள்ளை கையில் ஒரு மிட்டாய் வைக்கிறார். அதனால்தான் அவர் கடை நாற்பது வருஷமாக நிற்கிறது என்றார். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் ஐயா, நம்ம தலைவர் அண்ணாச்சியின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டார். கையைப் பார்க்கவில்லை. அண்ணாச்சி “அம்மாவுக்கு எப்படியிருக்கு”ன்னு கேக்கும்போது கை என்ன பண்ணிக்கிட்டிருந்தது? “அரைக்கிலோ துவரம்பருப்பு, கால் கிலோ பூண்டு”ன்னு எழுதிக்கிட்டிருந்தது! (சிரிப்பு) அந்த மிட்டாய்கூட மாசத்துக்கு எத்தனை பாக்கெட் போகிறது என்று அவருக்குத் தெரியும்.

சரி, தலைப்புக்கு வருவோம். தலைப்பில் ‘வளரும் ஊர்களில்’ என்று ஒரு சொல் இருக்கிறது. எதிரணியில் மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேரும் அந்தச் சொல்லைத் தொடவே இல்லை. பழைய கிராமத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறேன்.

வளர்ந்து முடிந்த ஊர் வேறு, வளராத ஊர் வேறு, வளர்ந்துகொண்டிருக்கிற ஊர் வேறு. கிராமத்துக் கடையில் கடன் சொன்னால் அந்தக் கடன் எங்கேயும் ஓடிப்போகாது. அவன் வயல் அங்கே இருக்கிறது, வீடு அங்கே இருக்கிறது, குலதெய்வம் அங்கே இருக்கிறது. அறுப்பு முடிந்தால் கொடுப்பான். அவன் கொடுக்காவிட்டால் அவன் மகன் கொடுப்பான். அங்கே கனிவுக்கு ஒரு பிணை இருந்தது. ஊரே பிணை.

இங்கே? ஊரப்பாக்கத்தில், கூடுவாஞ்சேரியில், மறைமலைநகரில் புதிதாக வந்து குடியிருக்கிறவர் வீட்டுக்காரரோடு எத்தனை மாதத்துக்கு ஒப்பந்தம் போடுகிறார்? பதினோரு மாதம்! பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடிவந்தவருக்குப் பன்னிரண்டு மாதப் பற்று நோட்டுப் போட்டால் என்ன ஆகும்? (சிரிப்பு, கைதட்டல்) அவர் ஏமாற்றுக்காரர் இல்லை ஐயா. நல்ல மனுஷன்தான். வேலை ஒரகடத்துக்கு மாறிவிட்டது, இல்லை பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தாம்பரத்தில் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு குட்டியானை வண்டி வந்து நிற்கிறது. கட்டில் ஏறுகிறது, பீரோ ஏறுகிறது, கிரைண்டர் ஏறுகிறது. நம்ம நோட்டில் இருக்கிற நாலாயிரத்து இருநூறு ரூபாய் மட்டும் ஏறவில்லை. அது நம்மகிட்டயே நிக்குது.

அதனால் இந்த ஊரில் கடன் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொடுங்கள். ஆனால் ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று ஒரு எல்லை வையுங்கள். சம்பளத் தேதி ஏழென்றால் எட்டாம் தேதி நோட்டைத் திறந்து கேளுங்கள். பழைய பாக்கி தீராமல் புதுப்பக்கம் திருப்பாதீர்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்கிறார் எதிரணி நண்பர். எட்டாம் தேதி கேட்டால் அன்றைக்கு மட்டும் கோபம். எட்டு மாசம் கழித்துக் கேட்டால்தான் பகை.

அடுத்து, வளரும் ஊரில் கண்ணுக்குத் தெரிகிற கூட்டத்தைப் பார்த்து ஏமாறுவது. 2002 நவம்பரில் கோயம்பேட்டில் பேருந்து நிலையம் திறந்தார்கள். பாரிமுனைப் பக்கம் வெளியூர் பஸ் கூட்டத்தை நம்பி நடந்த வியாபாரமெல்லாம் ஆட்டம் கண்டது. இருபத்தோரு வருஷம் கழித்து, 2023 டிசம்பர் 30-ஆம் தேதி, இதோ பக்கத்தில் கிளாம்பாக்கத்தில் புது நிலையம் திறந்தார்கள். தென்மாவட்ட பஸ்ஸெல்லாம் இங்கே வந்துவிட்டது. இப்போது கோயம்பேட்டில் ஆட்டம். எதிரணியைக் கேட்கிறேன்: கோயம்பேட்டில் டீக்கடைக்காரர் திடீரென்று சிரிப்பதை நிறுத்திவிட்டாரா? லாட்ஜுக்காரருக்குக் கனிவு குறைந்துவிட்டதா? பஸ் போச்சு, கூட்டம் போச்சு. அவ்வளவுதான்.

சரி, கிளாம்பாக்கத்தில் கூட்டம் வந்துவிட்டதே, அங்கே கடை போடலாமே என்று கிளம்புகிறவர்களுக்கும் சொல்கிறேன். பஸ்ஸிலிருந்து இறங்கி மாநகரப் பேருந்துக்கு மூட்டையோடு ஓடுகிறவன் உங்கள் வாடிக்கையாளனா என்று யோசியுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், பார்த்து வைத்த கடைக்கு எதிரே ஒரு வேலை நாளில் ஒரு நாள் உட்காருங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் உட்காருங்கள். மணிக்கு எத்தனை பேர் நடக்கிறார்கள், அதில் எத்தனை பேர் கையில் பை இருக்கிறது, நடக்கிறவர்கள் நின்று பார்க்கிறார்களா, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்களா என்று எண்ணி எழுதுங்கள். செலவு இரண்டு டீ. பத்து மாத முன்பணத்தைவிட மலிவு.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. தாய்மார்கள் மனசுக்குள் போட்டுப் பாருங்கள், நீங்கள்தான் எங்களைவிட வேகமாகப் போடுவீர்கள். ஒரு மளிகைக் கடை. வாடகை 18,000. உதவிக்கு ஒரு பையன், சம்பளம் 14,000. கரண்ட் பில் 4,000. மொத்தம் 36,000. நூறு ரூபாய்ச் சரக்கு விற்றால் பன்னிரண்டு ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த 36,000 வர எவ்வளவு விற்க வேண்டும்? மூன்று லட்சம். நாளைக்குப் பத்தாயிரம். அதாவது காலையில் கதவைத் தூக்கியதிலிருந்து பத்தாயிரம் ரூபாய் விற்கும் வரை நீங்கள் கட்டடக்காரருக்கும் மின்வாரியத்துக்கும் அந்தப் பையனுக்கும் உழைக்கிறீர்கள். அதற்கு மேலே விற்கும் சரக்கில்தான் உங்கள் வீட்டு அடுப்பு எரியும். வீட்டுக்கு 24,000 வேண்டும் என்றால் இன்னும் இரண்டு லட்சம் விற்க வேண்டும். ஆகமொத்தம் ஐந்து லட்சம்.

இந்த எண் தெரியாதவர் என்ன செய்வார்? எதிரே ஒரு பெரிய கடை வந்தவுடன், கனிவாக, “நானும் நூத்துக்கு ரெண்டு ரூபா தள்ளுபடி”ன்னு போர்டு மாட்டுவார். பன்னிரண்டு பத்தாகிவிட்டது. அந்த 36,000-க்கே இப்போது 3,60,000 விற்க வேண்டும். சிரித்துக்கொண்டே மாட்டிய போர்டுக்குத் தினமும் இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாக விற்றாக வேண்டும். பெரிய கடைக்காரன் ஒரு லாரி சரக்கை மொத்த விலைக்கு இறக்குகிறான், அவனோடு விலையில் போட்டி போடாதீர்கள். அவனால் செய்ய முடியாததைச் செய்யுங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஒரு தேங்காய் வேண்டுமென்றால் கொடுங்கள், மாடி வீட்டுப் பாட்டிக்கு அரைக்கிலோ ரவையைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

(எதிரணியிலிருந்து: “அது கனிவு!”)

ஆமாங்க, கனிவுதான். ஆனா அந்த மாடிப்படி ஏறி இறங்குற நேரத்துக்குக் கடையில் யார் நிக்கிறதுன்னு முடிவு பண்றது கணக்கு! (சிரிப்பு, கைதட்டல்)

அந்த ஐந்து லட்சத்தை விட்டுவிடாதீர்கள். மாதம் ஐந்து என்றால் ஆண்டுக்கு அறுபது லட்சம். நம் மாநிலத்தில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம். ஒன்றரைக் கோடி வரை உள்ள சிறு வியாபாரி இணக்க வரி என்ற எளிய முறையைத் தேர்ந்துகொண்டு விற்பனையில் ஒரு சதவீதம் கட்டலாம். ஆனால் அந்த ஒன்றை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்க முடியாது, உங்கள் பன்னிரண்டிலிருந்துதான் போகும். நாற்பதைத் தாண்டினோமா இல்லையா என்பதே எழுதி வைத்தவருக்குத்தானே தெரியும்? இப்போது எல்லாக் கடையிலும் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். “இருபது ரூபாய் பெறப்பட்டது” என்று கத்துகிறது. அந்தப் பெட்டிக்குத் தெரிகிற கணக்கு முதலாளிக்குத் தெரியவில்லை என்றால் எப்படி ஐயா?

இந்தக் கனிவு, கணக்கு இரண்டையும் ஒரே ஆளிடம் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கிற ஓர் அம்மா. ஒரு நாளைக்கு அறுபது பாக்கெட். பாக்கெட் 45 ரூபாய். அரிசி, உளுந்து, கவர், கரண்ட் எல்லாம் சேர்த்து ஒரு பாக்கெட்டுக்கு 29 ரூபாய் ஆகிறது. பதினாறு ரூபாய் நிற்கிறது, அறுபது பாக்கெட்டுக்கு 960 ரூபாய் என்று மனக்கணக்கு. ஆனால் மாசக் கடைசியில் கையில் அந்தக் காசு இல்லை. கழுத்துச் சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது, வட்டி கட்டவே சரியாக இருக்கிறது. “யாரோ கண்ணு வெச்சுட்டாங்க”ன்னு சுத்திப் போட்டாங்க. சுத்திப் போட்ட பூசணிக்காய் நாற்பது ரூபாய், அதுவும் நஷ்டக் கணக்கு! (சிரிப்பு)

அப்புறம் அந்த அம்மா ஒரு காரியம் செய்தார். தினத்தாள் காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில் இரண்டே எண் எழுதினார். அரைத்தது எத்தனை, மிஞ்சியது எத்தனை. அவ்வளவுதான். மூன்று மாதம் எழுதித் தாள்களை ஒரு நூலில் கோத்து வைத்தார். ஒரு நாள் பிரித்து வைத்துப் பார்த்தால் சராசரியாக நாளைக்கு ஏழு பாக்கெட் மிஞ்சிப் புளிக்கிறது. ஒரு பாக்கெட் புளித்தால் 29 ரூபாய் போச்சு. அதை ஈடுகட்ட ஏறக்குறைய இரண்டு பாக்கெட் விற்க வேண்டும். இது வெளியில் தெரியவே தெரியாது. ஏனென்றால் மிஞ்சியதை வீட்டில் தோசை வார்த்துச் சாப்பிட்டுவிடுகிறார்கள்! “நம்ம வீட்டு மாவுதானே, சும்மாதானே”ன்னு. சும்மா இல்லீங்க. அது 29 ரூபாய் தோசை.

இன்னும் ஒன்று அந்தத் தாள்களில் இருந்தது. செவ்வாய், புதனில் மிஞ்சுகிறது. சனிக்கிழமை சாயங்காலம் பற்றவில்லை. மாத முதல் வாரம் மந்தம், கடைசி வாரம் கூடுதல். ஏன் தெரியுமா? சம்பளம் வந்த வாரத்தில் ஓட்டலுக்குப் போகிறார்கள். கடைசி வாரம் வீட்டில் தோசை ஊற்றுகிறார்கள். இந்த விஷயத்தை எந்த எம்.பி.ஏ. படிப்பிலும் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள், ஊரப்பாக்கத்து காலண்டர் தாள் சொல்லிக் கொடுத்தது. நாளுக்குத் தக்கபடி அரைத்தார். மிச்சம் ஏழிலிருந்து இரண்டானது. நாளைக்கு ஐந்து பாக்கெட், 145 ரூபாய், மாதம் 4,350. ஒரு பாக்கெட்கூட அதிகமாக விற்கவில்லை ஐயா. சிரிப்பும் அதே சிரிப்புதான். சங்கிலி கழுத்துக்கு வந்துவிட்டது. நான் கேட்டேன், “எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?” அவர் சொன்னார்: “சிரிச்சு வித்தாலும் புளிச்சது புளிச்சதுதானே தம்பி.” (நீண்ட கைதட்டல்)

அந்த அம்மா தினமும் ஒரு பாக்கெட் ஒரு வயதான பாட்டிக்குக் காசு வாங்காமல் கொடுப்பார். அதையும் அந்தத் தாளில் எழுதியிருக்கிறார். ‘பாட்டி 1’ என்று. எதிரணி அம்மையார் கேட்கலாம், தானத்தை எழுதலாமா என்று. நம் நாட்டில் எழுதித்தான் செய்தார்கள். மகமை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நாடார் வணிகர்களும் நகரத்தாரும் நடக்கிற வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைக் கோயிலுக்கும் அறத்துக்கும் என்று ஒதுக்கிக் கணக்கில் வரவு வைத்தார்கள். அதில் பள்ளிக்கூடமும் சத்திரமும் வந்தன. நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்தபோது பேரேடு, ஐந்தொகை என்று எழுதிய கணக்கு முறையை ஆராய்ச்சியாளர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள். வள்ளுவர்கூட வரவு செலவு பற்றிய குறளைப் பொருள் செயல்வகை அதிகாரத்தில் மட்டும் வைக்கவில்லை. அரசனுடைய பலத்தைச் சொல்லுகிற வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார். குறளை நான் ஒப்பிக்கப் போவதில்லை, முன்வரிசையில் தமிழாசிரியர் உட்கார்ந்திருக்கிறார்! (சிரிப்பு)

அடுத்து ஒரே வாசலை நம்புகிற தொழில். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-ல் தொடங்கியது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேலைக்கு வந்தார்கள். விடுதி, மெஸ், வேன், பலகாரக் கடை என்று சுற்றிலும் பிழைப்பு வந்தது. 2014 நவம்பர் முதல் தேதி உற்பத்தி நின்றது. இங்கே மறைமலைநகரில் ஃபோர்டு ஆலையில் கடைசிக் கார் 2022 ஜூலையில் வெளியே வந்தது. ஆலை மூடுவது உங்கள் கையில் இல்லை. ஆனால் உங்கள் வரவில் பாதிக்கு மேல் ஒரே வாசலிலிருந்து வருகிறதா என்று பார்ப்பது உங்கள் கையில் இருக்கிறது. அப்படி வந்தால் இன்றைக்கே இன்னொரு வாசலைத் தட்டுங்கள். வேனுக்கு அந்த ஆலையை நம்பிக் கடன் வாங்குவதற்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கு ஓட்ட முடியுமா என்று கேளுங்கள்.

பட்டறை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. லேத்தில் சாமான் கடைந்து பெரிய கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, பணம் கேட்கக் கூச்சப்பட்டு நிற்கிறீர்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2023-ல் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். அந்தக் கெடுவுக்குள் உங்களுக்குப் பணம் கொடுக்காத கம்பெனி, அதைக் கொடுக்கிற வருஷம் வரைக்கும் செலவாகக் காட்ட முடியாது. ஆனால் இதற்கெல்லாம் நீங்கள் ‘உத்யம்’ பதிவு செய்திருக்க வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. பில்லில் தேதி இருக்க வேண்டும், சரக்கு இறங்கியதற்குக் கையெழுத்து இருக்க வேண்டும். வாங்கி விற்கிற வியாபாரிகளுக்கு இந்த 45 நாள் பாதுகாப்பு இல்லை, தயாரிப்புக்கும் சேவைத் தொழிலுக்கும்தான்.

தண்டல் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த மேடைக்கு நான் நியாயம் செய்தவனாக மாட்டேன். பத்தாயிரம் என்று சொல்லி ஒன்பதாயிரம் கையில் கொடுப்பார். தினம் நூறு, நூறு நாள். “ஆயிரம் ரூபாதானே வட்டி, நூத்துக்குப் பத்துதானே”ன்னு தோணும். ஆனால் ஐயா, அந்த ஒன்பதாயிரமும் நூறு நாளும் உங்களிடமே இருந்ததா? முதல் நாளிலிருந்து திருப்பிக்கொண்டே வருகிறீர்கள். சராசரியாக உங்கள் கையில் இருந்தது நாலாயிரத்து ஐந்நூறு. அதற்கு நூறு நாளில் ஆயிரம் ரூபாய். வருஷக் கணக்கில் நூற்றுக்கு எண்பது வட்டி! தண்டல்காரரைப் போலக் கனிவானவர் ஊரில் கிடையாது. தினமும் வந்து “நல்லாயிருக்கீங்களாக்கா?”ன்னு கேட்பார்! (சிரிப்பு, கைதட்டல்) முத்ரா கடன் 2015-லிருந்து இருக்கிறது, மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. அங்கே போனால் முதலில் என்ன கேட்பார்கள்? ஆறு மாத வரவு செலவு. சிரிப்பை அடமானம் வைத்துக் கடன் கொடுக்கிற வங்கி இன்னும் திறக்கவில்லை.

(மணி ஒலிக்கிறது)

ஒரு நிமிடம் ஐயா. ஒன்றே ஒன்று. எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர். நல்ல மனிதர், ஊரே கொண்டாடியது. யார் யாருக்குக் கொடுத்தார், யாரிடம் வாங்கினார், எல்லாம் அவர் தலைக்குள்ளே. ஒரு நாள் ராத்திரி நெஞ்சுவலி, காலையில் ஆள் இல்லை. அவருக்குக் கொடுத்தவர்கள் பதினாறாம் நாளே சீட்டோடு வந்தார்கள். அவரிடம் வாங்கியவர்கள் தெரு மாறி நடந்தார்கள். கையில் இரண்டு பிள்ளைகளோடு அந்த அம்மா யாரைப் போய்க் கேட்பார்? எந்த ஆதாரத்தைக் காட்டிக் கேட்பார்?

தாய்மார்களே, இன்றைக்கு ராத்திரி கடை சாத்திவிட்டு அவர் வந்து சாப்பிட உட்கார்ந்ததும், சண்டை போடாமல், கனிவாகவே கேளுங்கள்: “நமக்கு யாரு எவ்வளவு தரணும், நாம யாருக்கு எவ்வளவு தரணும்? அந்த நோட்டு எங்கே இருக்கு?” என்று. நோட்டு இல்லை என்றால் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துக் கையில் கொடுங்கள்.

நடுவர் ஐயா இரண்டாவது மணிக்குக் கை ஓங்கிவிட்டார். (கைதட்டல்)